தள்ளியதற்கு ஃபெலனியா? கலிஃபோர்னியா பேட்டரி வழக்கு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தாமிரபரணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மனைவியின் தம்பிக்காகக் கேட்கிறேன். பே ஏரியாவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறான். போன சனிக்கிழமை இரவு அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பக்கத்து வீட்டுக்காரரோடு தகராறு. மச்சானுக்கு ஒதுக்கிய இடத்தில் அவர் அடிக்கடி வண்டியை நிறுத்துவாராம். அன்றைக்கும் அதே கதை. வாய்ச்சண்டை முற்றி, அவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்த, இவன் இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் தள்ளிவிட்டான். அவர் பின்னாலிருந்த சிமென்ட் கட்டையில் கால் தடுக்கி விழுந்து கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

போலீஸ் வந்தது. இவன் நடந்ததை எல்லாம் மறைக்காமல் சொல்லியிருக்கிறான். கைது செய்துவிட்டார்கள். பெயில் பாண்ட் ஏஜென்டுக்குப் பத்து சதவீதம் கட்டி வெளியே எடுத்தோம். கையில் கொடுத்த தாளில் பேட்டரி (ஒருவர்மேல் கை வைத்த குற்றம்), பிரிவு 243(டி), ஃபெலனி (பெருங்குற்றம்) என்று போட்டிருக்கிறது. ஒரு அடிகூட அடிக்கவில்லை, தள்ளினான், அவ்வளவுதான். இதற்கு எப்படி ஃபெலனி வரும்? மிஸ்டிமீனராக (சிறுகுற்றமாக) மாறுமா? அடுத்த வாரம் கோர்ட். மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லை. வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

கொங்குநாட்டான் எழுதியது:

அண்ணா, பயப்படாதீங்க. முதல் வேலையாகப் பெரியவர்கள் யாராவது ஒருவரை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி செலவைக் கட்டிவிடுகிறோம் என்று பேசி, புகாரைத் திரும்ப வாங்கச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். பக்கத்து பக்கத்து வீடு, நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர்கள்தானே.

வழக்காடி எழுதியது:

தாமிரபரணி சார், மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். மீதியை அப்புறம் படிக்கலாம், இதை முதலில் மச்சானுக்கு போன் போட்டுச் சொல்லுங்கள். அந்த வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது, மெசேஜ் அனுப்பக் கூடாது, இன்னொருவரைத் தூது அனுப்பக் கூடாது.

நான் கலிஃபோர்னியாவில் கிரிமினல் டிஃபென்ஸ் வக்கீல். உங்கள் மச்சானுக்கு நான் வக்கீல் இல்லை, பொதுவாகத்தான் சொல்கிறேன். இங்கே புகாரைத் திரும்ப வாங்கும் அதிகாரம் அடிபட்டவருக்குக் கிடையாது. வழக்கை நடத்துவது அரசு. போடுவதா வேண்டாமா, எந்தப் பிரிவில் போடுவது என்பதெல்லாம் டி.ஏ. (அரசுத் தரப்பு வழக்கறிஞர்) கையில். அடிபட்டவர் அதில் சாட்சி மட்டுமே. சாட்சியிடம் போய் "கேஸ் வேண்டாம் என்று சொல்லுங்கள், பணம் தருகிறோம்" என்றால், சாட்சியைக் கலைக்கப் பார்த்ததாகப் பிரிவு 136.1 வரும். அதையும் ஃபெலனியாகப் போடலாம். நல்லெண்ணத்தோடு பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு போன குடும்பம், ஒரு வழக்கு இருந்த இடத்தில் இரண்டு வழக்கோடு திரும்பும். மருத்துவச் செலவை ஈடு செய்யத்தான் வேண்டும், அது நியாயம். ஆனால் அதை வக்கீல் வழியாக, கோர்ட் வழியாகச் செய்ய வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. கலிஃபோர்னியா தண்டனைச் சட்டம் 242 பேட்டரியை மிக அகலமாக வரையறுக்கிறது: வேண்டுமென்றே, சட்டவிரோதமாக, இன்னொருவர் உடல்மேல் பலத்தைப் பிரயோகிப்பது. அடி விழ வேண்டும் என்றோ வலிக்க வேண்டும் என்றோ கட்டாயம் இல்லை. கோபத்தோடு சட்டைக் காலரைத் தொட்டாலே போதும். தொட்டது தவறிப் பட்டதாக இல்லாமல் தெரிந்தே செய்ததாக இருந்தால், காயப்படுத்தும் எண்ணம் இருந்ததா என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டியதில்லை. "கை ஒடியும் என்று நினைக்கவே இல்லை" என்று மச்சான் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், அது அவரைக் காப்பாற்றாது. அவர் கெட்ட வார்த்தை பேசினார் என்பதும் காப்பாற்றாது. வார்த்தைக்குப் பதிலாகக் கையை நீட்ட சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனால் அவர் அடிக்க வருகிறார் என்று நியாயமாக நம்பித் தள்ளியிருந்தால் கதை வேறு, அது தற்காப்பு. விரலை நீட்டியவர் எவ்வளவு நெருக்கத்தில் நின்றார், முன்னால் அடியெடுத்து வைத்தாரா, கேமரா இருக்கிறதா என்பதெல்லாம் முக்கியம். அபார்ட்மென்ட் கேமராப் பதிவு அழிந்துபோவதற்குள் வக்கீல் மூலம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

காயம் இல்லாத சாதாரண பேட்டரி மிஸ்டிமீனர். அதிகபட்சம் ஆறு மாதம் கவுண்டி (மாவட்ட) ஜெயில், 2,000 டாலர் அபராதம். அதே தள்ளல், அதே கோபம், ஆனால் எதிராளிக்கு "கடுமையான உடற்காயம்" ஏற்பட்டால் 243(டி) வந்துவிடும். எது கடுமையான காயம் என்பதற்குச் சட்டமே உதாரணம் தருகிறது: நினைவிழப்பு, மூளை அதிர்ச்சி, எலும்பு முறிவு, ஒரு உறுப்பு நீண்ட நாள் செயலிழப்பது, நிறையத் தையல் போட வேண்டிய வெட்டு, உருவச் சிதைவு. எலும்பு முறிவு என்ற வார்த்தை அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. அதனால்தான் போலீஸ் அதைப் போட்டது. அந்த ஆள் புல்தரையில் விழுந்து எழுந்திருந்தால் இன்றைக்கு இந்த இழையே இருந்திருக்காது.

இன்னொன்று. மச்சான் போலீஸிடம் இனி ஒரு வார்த்தை பேசக் கூடாது. டிடெக்டிவ் போன் செய்து "உங்கள் தரப்பைச் சொல்லுங்கள், முடித்துவிடலாம்" என்று கேட்கலாம். "என் வக்கீலோடு பேசுங்கள்" என்று சொல்லிவிட்டு போனை வைக்க வேண்டும். மறைக்காமல் சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையை வாரம் தவறாமல் பார்க்கிறேன். அந்த வாக்குமூலம்தான் அரசுத் தரப்பின் முதல் சாட்சியம்.

மதுரை_வக்கீல் எழுதியது:

நான் ஊரில் பிராக்டிஸ் செய்கிறேன். படிப்பவர்களுக்குப் புரிய ஒரு ஒப்பீடு. பழைய ஐ.பி.சி.யில் 323, 325 என்று சொல்வோமே, அதுதான் ஏறக்குறைய இது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 115(2), 117(2). சாதாரணக் காயத்துக்கு ஓராண்டு வரை, கொடுங்காயத்துக்கு ஏழாண்டு வரை. எலும்போ பல்லோ முறிந்தால் நமக்கும் அது கொடுங்காயம்தான். ஆனால் நம் சட்டத்தில் கொடுங்காயம் என்பது எட்டு வகை, அதற்கு வெளியே போக முடியாது. வழக்காடி சார் சொல்வதைப் பார்த்தால் அங்கே பட்டியல் வெறும் உதாரணம் போலிருக்கிறது. இன்னொரு பெரிய வித்தியாசம், இங்கே சாதாரணக் காய வழக்கை அடிபட்டவரே சமாதானம் செய்துகொள்ளச் சட்டத்தில் வழி உண்டு. கொங்குநாட்டான் சொன்ன யோசனை அந்தப் பழக்கத்தில் வந்தது. அங்கே அதற்கு இடமே இல்லையா?

வழக்காடி எழுதியது:

> அங்கே அதற்கு இடமே இல்லையா?

குறுகலாக ஒரு வழி உண்டு. மிஸ்டிமீனராக இருந்து, அடிபட்டவர் நஷ்டஈடு பெற்றுக்கொண்டு, "எனக்குத் திருப்தி" என்று கோர்ட்டில் சொன்னால், நீதிபதி விரும்பினால் வழக்கை முடிக்கலாம். பிரிவுகள் 1377, 1378. குடும்ப வன்முறை, போலீஸ்காரர் மீதான தாக்குதல், குழந்தைகள், முதியோர் சம்பந்தப்பட்டவற்றுக்கு இது கிடையாது. ஃபெலனியாக நிற்கும்வரை இதை நினைத்தே பார்க்க முடியாது. மிஸ்டிமீனராக இறக்குவது ஏன் முக்கியம் என்பதற்கு இது ஒரு காரணம்.

தாமிரபரணி எழுதியது:

ரொம்ப நன்றி சார். உடனே போன் செய்து சொல்லிவிட்டேன். நல்ல வேளை, அவன் நாளைக்கே பூங்கொத்தோடு போவதாக இருந்தான். அப்படியானால் இது ஃபெலனிதான் என்று முடிவாகிவிட்டதா? எத்தனை வருஷம் வரும்?

வழக்காடி எழுதியது:

முடிவாகவில்லை. நிதானமாகச் சொல்கிறேன், இதுதான் உங்கள் வழக்கின் உயிர்நாடி.

243(டி) எங்கள் வக்கீல்கள் பேச்சில் "வாப்ளர்" எனப்படும் ரகம். இரண்டு பக்கமும் சாயக்கூடியது. மிஸ்டிமீனராக வைத்தால் உச்சவரம்பு கவுண்டி ஜெயிலில் ஓராண்டுக்குள். ஃபெலனியாக வைத்தால் இரண்டு, மூன்று அல்லது நான்கு ஆண்டு. குற்றம் ஒன்றுதான், செயல் ஒன்றுதான். எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். பிரிவு 17(பி) அதற்குப் பல கட்டங்களைத் திறந்து வைத்திருக்கிறது.

முதல் கட்டம் டி.ஏ. அலுவலகம். போலீஸ் தாளில் இருப்பது போலீஸின் கருத்து மட்டுமே. டி.ஏ. அதைப் படித்துவிட்டு மிஸ்டிமீனராகவே தாக்கல் செய்யலாம், சாதாரண 242 ஆகக் குறைக்கலாம், போடாமலும் விடலாம். அதனால் கோர்ட் தேதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஒரு வக்கீல் டி.ஏ.விடம் பேசுவது நல்லது. முன்வழக்கு இல்லை, ஒரே தள்ளல், ஆயுதம் இல்லை, முறிவு விழுந்ததால் வந்தது, செலவை ஈடுகட்டத் தயார். இத்தனையும் அவர் முடிவெடுக்கும் முன்னால் அவர் மேஜைக்குப் போக வேண்டும். எக்ஸ்ரே அறிக்கையையும் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசலா, பிளேட் வைத்து அறுவை சிகிச்சை செய்தார்களா என்பது டி.ஏ.வின் மனதில் பெரிய வித்தியாசம் செய்யும்.

ஃபெலனியாகவே தாக்கல் செய்தால் அடுத்தது ப்ரிலிமினரி ஹியரிங். வழக்கு நடத்தப் போதிய ஆதாரம் இருக்கிறதா என்று நீதிபதி பார்ப்பார். மிஸ்டிமீனருக்கு இந்தக் கட்டமே கிடையாது. அங்கே நீதிபதி தானாகவே மிஸ்டிமீனர் என்று அறிவிக்கலாம், டி.ஏ. எதிர்த்தாலும். அதன்பின் தண்டனை சொல்லும்போது ஒரு வாய்ப்பு. ஃபெலனி புரொபேஷன் (நிபந்தனைகளோடு கண்காணிப்பில் வெளியே விடுவது) கொடுத்திருந்தால் அது நடக்கும்போதோ முடிந்த பிறகோ இன்னொரு வாய்ப்பு.

வாப்ளரை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த யூயிங் வழக்கு இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ஒருவர் மூன்று கோல்ஃப் மட்டைகளைக் கால்சட்டைக்குள் மறைத்துத் திருடினார். மொத்தம் சுமார் 1,200 டாலர். அந்தத் திருட்டு ஒரு வாப்ளர். மிஸ்டிமீனராக இறக்கக் கேட்டார், நீதிபதி மறுத்தார். பழைய வழக்குகள் இருந்ததால் பழைய கடுங்குற்றங்களை "ஸ்ட்ரைக்" என்று எண்ணித் தண்டனையைக் கூட்டும் மூன்று ஸ்ட்ரைக் சட்டம் பாய்ந்து 25 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை. உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை உறுதி செய்தது. உங்கள் மச்சானுக்கு முன்வழக்கு இல்லை, அவருக்கு இது பொருந்தாது. ஆனால் கடுங்காயத்தை இவரே நேரடியாக ஏற்படுத்தினார் என்று பதிவாகி ஃபெலனியாக நின்றால், 243(டி)யே எதிர்காலத்துக்கு ஒரு ஸ்ட்ரைக்காக எண்ணப்படலாம். பேரம் பேசும்போது எந்தச் சொற்களில் ஒப்புக்கொள்கிறோம் என்பதை வக்கீல் ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும்.

நடைமுறையில் இன்னொன்று. மிஸ்டிமீனராக இருந்தால் பெரும்பாலான வாய்தாக்களுக்கு வக்கீலே போய் வரலாம், இவர் லீவு போட வேண்டியதில்லை. 2021 முதல் நீதிபதி டைவர்ஷன் கொடுக்கவும் சட்டம் இருக்கிறது, 1001.95. வகுப்பு, நஷ்டஈடு என்று சில நிபந்தனைகள். ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடி. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே இதில் சேரலாம். ஃபெலனிக்கு இது கிடையாது.

இன்டர்பிரிட்டர்_கலா எழுதியது:

நான் வக்கீல் இல்லை. கலிஃபோர்னியா கோர்ட்டுகளில் பல வருஷமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். யாருடைய வழக்கைப் பற்றியும் சொல்ல மாட்டேன், பொதுவாகப் பார்ப்பதைச் சொல்கிறேன்.

முதல் நாள் அரெய்ன்மென்ட். பத்து நிமிஷம் நடக்கும் என்று நினைத்து வருவார்கள். காலையில் வந்தால் மதியம்கூட ஆகும். ஹாலில் அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள், பெயர் வரும்போது எழுந்து போக வேண்டும். நீதிபதி வேகமாகப் பேசுவார். குற்றச்சாட்டைப் படிப்பார், உரிமைகளைச் சொல்வார், "புரிகிறதா" என்று கேட்பார். நம் ஆட்கள் பக்கவாட்டில் தலையை ஆட்டுவார்கள். அது ஆமாமா இல்லையா என்று நீதிபதிக்குத் தெரியாது. ஸ்டெனோகிராஃபருக்குத் தலையாட்டலை எழுதவும் முடியாது. "வாயால் சொல்லுங்கள்" என்று மறுபடி கேட்பார். அந்தப் பதற்றத்தில் எதற்கும் "எஸ்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியும், மொழிபெயர்ப்பாளர் எதற்கு" என்று வெட்கப்பட்டு மறுப்பவர்களையும் பார்க்கிறேன். ஆபீஸில் மீட்டிங் நடத்துகிற இங்கிலீஷ் வேறு, உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்கும் இங்கிலீஷ் வேறு. கலிஃபோர்னியா அரசியல் சட்டத்திலேயே கிரிமினல் வழக்கில் மொழிபெயர்ப்பாளர் உரிமை இருக்கிறது. காசு கேட்க மாட்டார்கள். தயங்காமல் கேளுங்கள்.

முக்கியமாக இதைச் சொல்லத்தான் வந்தேன். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன்னால் நீதிபதி ஒரு வாக்கியம் படித்தே ஆக வேண்டும். நீங்கள் குடிமகன் இல்லையென்றால் இந்தத் தீர்ப்பால் நாடு கடத்தப்படலாம், மீண்டும் நுழைய அனுமதி மறுக்கப்படலாம், குடியுரிமை மறுக்கப்படலாம் என்று. நான் அதைத் தமிழில் சொல்லும்போது சிலர் முகம் அப்போதுதான் மாறும். அந்த நிமிஷத்தில்தான் முதல்முறையாகக் கேட்கிறார்கள். "யோசிக்க நேரம் வேண்டும்" என்று சொன்னால் நீதிபதி நேரம் கொடுப்பார். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள் தம்பி தங்கைகளே.

டாம்பா_ரவி எழுதியது:

கலிஃபோர்னியா விவரத்தை வைத்து வேறு மாநிலத்துக்காரர்கள் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். ஃப்ளோரிடாவில் சாதாரண பேட்டரி முதல் நிலை மிஸ்டிமீனர், ஓராண்டு வரை, 1,000 டாலர். ஆனால் அது ஃபெலனியாக மாற மூன்று நான்கு பாதை இருக்கிறது. முன்பு ஒரு பேட்டரியில் தண்டனை பெற்றிருந்தால், அடுத்தது வெறும் தள்ளலாக இருந்தாலும் மூன்றாம் நிலை ஃபெலனி, ஐந்தாண்டு வரை. பெரிய காயமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் அதற்கென்றே "ஃபெலனி பேட்டரி" என்று தனிப்பிரிவு. குடும்பத்துக்குள் கழுத்தை நெரித்தால் காயமே தெரியாவிட்டாலும் ஃபெலனி.

எல்லாவற்றையும்விட நம் ஆட்களுக்குத் தெரியாதது 65 வயது விதி. 65 அல்லது அதற்கு மேற்பட்டவரைத் தொட்டுத் தள்ளினாலே மிஸ்டிமீனர் ஃபெலனி ஆகிவிடும். அவர் வயது எனக்குத் தெரியாது என்ற வாதம் எடுபடாது, சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. இங்கே ஓய்வு பெற்றவர்கள் நிறைந்த குடியிருப்புகள் எத்தனை! கோல்ஃப் வண்டி, நாய், பார்க்கிங் என்று வாக்குவாதம் நடக்காத நாளில்லை. கர்ப்பிணி என்று தெரிந்தோ தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ ஒரு பெண்ணை அடித்தால் நேராக அக்ரவேட்டட் (கடுமை கூடிய) பேட்டரி, பதினைந்து ஆண்டு வரை.

சிகாகோ_தமிழன் எழுதியது:

இலினாயில் இன்னும் விசித்திரம். இங்கே இடமும் கணக்கு. வீட்டுக்குள் ஒருவரை அறைந்தால் கிளாஸ் ஏ மிஸ்டிமீனர், ஓராண்டுக்குள். அதே அறை தெருவிலோ பூங்காவிலோ பொதுமக்கள் வந்துபோகும் கடையிலோ விழுந்தால் அக்ரவேட்டட் பேட்டரி, கிளாஸ் 3 ஃபெலனி, இரண்டு முதல் ஐந்து ஆண்டு. காயம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லாத் தெருச்சண்டையையும் அரசுத் தரப்பு அப்படிப் போடுவதில்லை. ஆனால் போடலாம் என்ற ஆயுதம் அவர்கள் கையில் இருக்கிறது, பேரம் பேசும்போது அது நன்றாகவே தெரியும்.

எடிசன்_முருகு எழுதியது:

நியூ ஜெர்சியில் ஃபெலனி, மிஸ்டிமீனர், பேட்டரி மூன்று சொல்லுமே சட்டத்தில் இல்லை. தள்ளுவது, அறைவது எல்லாம் "சிம்பிள் அசால்ட்", ஆறு மாதம் வரை, முனிசிபல் கோர்ட்டில் முடியும், ஜூரி கிடையாது. இருவரும் சம்மதித்துக் கட்டிப்புரண்ட சண்டை என்றால் அதைவிடக் குறைவு, முப்பது நாள் வரை. காயம் பெரிதானால் அக்ரவேட்டட் அசால்ட், கவுண்டியில் இருக்கும் சுப்பீரியர் கோர்ட்டுக்குப் போகும்.

என் கருத்து ஒன்று. மிஸ்டிமீனர் வந்துவிட்டால் சட்டென்று ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். ஃபெலனிதான் வாழ்க்கையைக் கெடுக்கும். வக்கீலுக்கு ஆயிரக்கணக்கில் எதற்குக் கொட்ட வேண்டும்?

வழக்காடி எழுதியது:

முருகு சார், மரியாதையோடு கடுமையாக மறுக்கிறேன். குடிமகனுக்கு உங்கள் பேச்சு ஓரளவு பொருந்தும். எச்-1பி, எஃப்-1 (மாணவர் விசா), கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு அது ஆபத்தான அறிவுரை.

குடிவரவுச் சட்டத்துக்கு மாநிலம் ஒட்டிய பெயர்ச்சீட்டு பெரிதல்ல. எந்தப் பிரிவு, அந்தப் பிரிவின் கூறுகள் என்ன, எத்தனை நாள் தண்டனை என்பதைத்தான் பார்க்கும். "வன்முறைக் குற்றம்" என்ற வரையறைக்குள் வரும் ஒன்றுக்கு ஓராண்டு தண்டனை விதித்தால் அது "அக்ரவேட்டட் ஃபெலனி". மாநிலம் அதை மிஸ்டிமீனர் என்று சொல்லியிருந்தாலும் அப்படித்தான். தண்டனையை நிறுத்திவைத்து ஒரு நாள்கூட உள்ளே போகாமல் இருந்தாலும் அந்த ஓராண்டு ஓராண்டுதான். கிரீன் கார்டோடு இருபது வருஷம் இருந்தவரையும் அது வெளியே தள்ளும்.

இதை உணர்ந்துதான் கலிஃபோர்னியா 2015 முதல் மிஸ்டிமீனரின் உச்சவரம்பை 364 நாளாக்கியது. ஒரே ஒரு நாள் குறைப்பு. அந்த ஒரு நாளில் எத்தனையோ குடும்பங்கள் இந்த நாட்டில் நிற்கின்றன. நான் மேலே "ஓராண்டுக்குள்" என்று எழுதியது இதனால்தான். 243(டி) மிஸ்டிமீனராகத் தாக்கலாவதற்கும் ஃபெலனியாகத் தாக்கலாவதற்கும் இருக்கும் இடைவெளி, மச்சானுக்கு ஜெயிலைவிட விசாவில்தான் அதிகம்.

மறுபக்கமும் உண்டு. 2010-இல் உச்ச நீதிமன்றம் ஜான்சன் வழக்கில் ஃப்ளோரிடா பேட்டரி பற்றிச் சொன்னது: வெறுமனே தொடுவதையும் உள்ளடக்கும் குற்றம், அதனாலேயே வன்முறைக் குற்றம் ஆகிவிடாது. அது துப்பாக்கிச் சட்ட வழக்கு, ஆனால் அந்தத் தர்க்கம் குடிவரவிலும் எடுபடுகிறது. கலிஃபோர்னியாவின் 242 அப்படித் தானாகவே வன்முறைக் குற்றம் ஆகாது என்று ஒன்பதாவது சர்க்யூட் (மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம்) 2006-லேயே சொல்லிவிட்டது. ஆக, எந்த எண்ணில் ஒப்புக்கொள்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. இரண்டு மிஸ்டிமீனர் பிரிவு, இரண்டுக்கும் ஒரே அபராதம், ஒன்று நாடு கடத்தும், ஒன்று கடத்தாது.

அதே 2010-இல் பாடில்லா தீர்ப்பு வந்தது. நாடு கடத்தல் அபாயத்தைக் கட்சிக்காரரிடம் சொல்வது வக்கீலின் கடமை என்று. பப்ளிக் டிஃபெண்டருக்கும் (அரசு வைத்துக் கொடுக்கும் வக்கீல்) அது பொருந்தும். காசில்லாதவர்கள் அவரைக் கேவலமாக நினைக்க வேண்டாம். இந்தக் கோர்ட்டையும் இந்த டி.ஏ.வையும் தினமும் பார்ப்பவர் அவர். பல கவுண்டிகளில் குடிவரவுக்கென்றே தனி வக்கீலும் வைத்திருக்கிறார்கள்.

பனைமரம் எழுதியது:

பார்க்கிங் சண்டையைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். நம் சமூகத்தில் பேட்டரி வழக்கு அதிகம் வருவது வீட்டுக்குள்ளிருந்துதான். அதை யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் "புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு 911 கூப்பிடாதீங்க, விசா போயிடும்" என்று சுற்றுகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. விசா போவது 911 கூப்பிட்டதால் அல்ல, கை நீட்டியதால்.

நான் குடும்ப வன்முறை உதவிக்குழு ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை, கலிஃபோர்னியாவில் இதற்கு இரண்டு பிரிவு. மனைவியையோ சேர்ந்து வாழ்பவரையோ காயமில்லாமல் அடித்தால் 243(இ)(1), அது எப்போதும் மிஸ்டிமீனர். உடலில் தடம் தெரிந்தால் 273.5, அது வாப்ளர், நான்காண்டு வரை போகும். சிறிய காயமும் கணக்கு. கன்னத்தில் விரல் பதிந்த சிவப்பு, கைமுட்டியில் நீலம், கழுத்தை நெரித்த அடையாளம். இரண்டிலும் புரொபேஷன் வந்தால் 52 வார வகுப்பு கட்டாயம். குடும்ப வன்முறை மிஸ்டிமீனர் ஒன்று இருந்தாலே துப்பாக்கி வைத்திருப்பது 1996 முதல் மத்தியச் சட்டப்படி குற்றம்.

அடிபடும் சகோதரிகளுக்குச் சொல்கிறேன். எச்-4 விசாவில் (எச்-1பி கணவரைச் சார்ந்த விசா) இருக்கிறோம், அவர் போனால் நாமும் போக வேண்டும் என்று பயந்து வாங்கிக்கொண்டே இருக்காதீர்கள். விசாரணைக்கு ஒத்துழைக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கு யூ விசா இருக்கிறது. ஆண்டுக்குப் பத்தாயிரம்தான், வரிசை நீளம், உண்மைதான். ஆனால் கதவு இருக்கிறது. பே ஏரியாவில் மைத்ரி, நாரிகா இரண்டும் தெற்காசியப் பெண்களுக்கென்றே நடக்கும் அமைப்புகள். கூப்பிட்டுப் பேசுங்கள். காயத்தைப் படம் எடுத்து வையுங்கள். டாக்டரிடம் "மாடிப்படியில் விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள்.

வழக்காடி எழுதியது:

பனைமரம் அக்கா சொன்னதில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கம் நிற்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். 273.5-இல் தண்டனை என்றால் மிஸ்டிமீனராக இருந்தாலும் நாடு கடத்தத்தக்க குடும்ப வன்முறைக் குற்றமாகவே எடுத்துக்கொள்வார்கள். டைவர்ஷனும் இதற்குக் கிடையாது. மனைவி கோர்ட்டுக்கு வந்து "மன்னித்துவிட்டேன்" என்று அழுதாலும் டி.ஏ. நிறுத்த வேண்டியதில்லை. 911 ஒலிப்பதிவு அவர் சார்பில் பேசும்.

தாமிரபரணி எழுதியது:

அரெய்ன்மென்ட் முடிந்தது. வக்கீல் வைத்துவிட்டோம். குற்றம் செய்யவில்லை என்று சொல்லி வாய்தா வாங்கியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரை நெருங்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். ஒரே மாடியில் இருப்பதால் மச்சான் வேறு வீடு பார்க்கிறான். டி.ஏ. மிஸ்டிமீனராகப் பேசத் தயார் என்று வக்கீல் சொல்கிறார், எக்ஸ்ரே அறிக்கை வந்த பிறகு முடிவாகும். குடிவரவு வக்கீல் ஒருவரையும் தனியாகப் பார்த்தோம். எந்தத் தாளிலும் அவர் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு. மாமியாரிடம் சொல்லிவிட்டோம். அழுதார்கள், ஆனால் சொன்னது நல்லது.

மாணவன்_எஃப்1 எழுதியது:

இந்த இழையை முழுக்கப் படித்தேன். எனக்கு போன வருஷம் ரூம்மேட்டோடு கைகலப்பில் கைது. டி.ஏ. வழக்கே போடவில்லை. 2025 ஏப்ரலில் நிறைய மாணவர்களின் செவிஸ் பதிவை (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடு) ரத்து செய்தபோது, பழைய சின்ன கைதுகள், தள்ளுபடியான வழக்குகள்கூடக் காரணமாக இருந்தன. அப்புறம் கோர்ட் தலையிட்டு மீட்டார்கள். அதிலிருந்து பயமாகவே இருக்கிறது. அண்ணா, வழக்கே இல்லாத கைதை இனி விசா ஃபாரத்தில் சொல்ல வேண்டுமா? கைதுப் பதிவை சீல் செய்துவிட்டால் (மூடி வைத்துவிட்டால்) போதாதா?

வழக்காடி எழுதியது:

தம்பி, சொல்லத்தான் வேண்டும். டிஎஸ்-160 விசா ஃபாரம் தண்டனையோடு நிற்பதில்லை, எப்போதாவது கைது ஆனீர்களா என்றும் கேட்கிறது. நாளைக்குக் குடியுரிமைக்கு என்-400 போடும்போதும் அதே கேள்வி, சீல் செய்த பதிவுகளையும் சேர்த்தே. கைரேகை ஏற்கனவே அவர்களிடம் இருக்கிறது. "இல்லை" என்று டிக் அடித்தால், ஒன்றுமில்லாத கைது பொய் சொன்ன குற்றமாக மாறும், அதற்கு மன்னிப்பு கிடைப்பது கைதுக்குக் கிடைப்பதைவிடக் கஷ்டம். கைதாலேயே தூதரகம் விசா முத்திரையை ரத்து செய்யவும் முடியும். அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை படிப்புக்கு அதனாலேயே இடைஞ்சல் இல்லை, ஆனால் ஊருக்குப் போனால் புது முத்திரை வாங்கித்தான் திரும்ப வேண்டும். விடுமுறைக்கு டிக்கெட் போடும் முன்னால் ஒரு குடிவரவு வக்கீலைப் பாருங்கள்.

சீல் செய்வதும் நல்லதுதான், 851.91-இல் மனு போடலாம். வேலை கொடுப்பவர்கள் பார்வையிலிருந்து அது மறையும். மிஸ்டிமீனராக இருந்தால் வழக்குப் போட டி.ஏ.வுக்கு ஓராண்டுதான் அவகாசம், ஃபெலனிக்கு மூன்றாண்டு. உங்களை எந்தப் பிரிவில் பிடித்தார்கள் என்று பார்த்து அந்தக் காலம் முடிந்ததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மனு போடுவதற்கு முன்னால் போலீஸ் அறிக்கையின் நகலையும், வழக்குப் பதிவாகவில்லை என்று டி.ஏ. அலுவலகம் தரும் கடிதத்தையும் வாங்கி இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். சீல் ஆன பிறகு அவற்றை வாங்க அலைய வேண்டியிருக்கும், தூதரக ஜன்னலில் அதைத்தான் கேட்பார்கள்.